யாரும் உரிமை கோர முடியாது

டுசல்டோர்ஃபுக்குப் போகும் காலை ரயிலில் சேதுராமன் எப்போதும் ஜன்னல் பக்கம் பார்த்துத்தான் உட்காருவார். வெளியே வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல, தலையைச் சாய்க்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. இரண்டு வருஷமாகப் போய் வந்ததில் ரைன் நதியே அவருக்கு அலுத்துவிட்டது. மடியில் இருந்த தோல் பைக்குள் கொலோன் வட்டாரத் தமிழர் மருத்துவ நிதியின் விதிமுறைகள் கிடந்தன. எத்தனையாவது முறையாகத் திருத்தி எழுதியது என்பதை அவரே மறந்துவிட்டார். உலோக ஆராய்ச்சி செய்யத்தான் அவர் கொலோனுக்கு வந்தார். இந்த இரண்டு வருஷத்தில் உலோகத்தைத் தொட்டதைவிட இந்தத் தாள்களைத் தொட்டதுதான் அதிகம்.

நிதி ஆரம்பித்த கதை எளிமையானது. ஜெர்மனியில் சம்பளக்காரனுக்கு நோய் வந்தால் அவனுடைய காப்பீடு பார்த்துக்கொள்ளும். உதவித்தொகையில் ஆராய்ச்சி செய்ய வந்தவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் நோய் வந்தால் கடவுள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடவுளோ ஆஸ்பத்திரியில் பில் கட்டுவதில்லை. அறுபத்தெட்டில் கோபாலன் என்ற மாணவனுக்குக் குடல்வால் வெடிக்கப் பார்த்தபோது ஆளுக்கு ஆள் ஓடித் துண்டு ஏந்தாத குறையாக வசூல் செய்தார்கள். அவன் பிழைத்தான். அன்றைக்கே, வந்த பின் ஓடுவதைவிட வருமுன் சேர்ப்பது மேல் என்று மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட ஆரம்பித்தார்கள். யாராவது படுத்தால் நிதியின் செயலாளர் ஒரு கடிதம் கொடுப்பார்: இந்த நோயாளியின் செலவை நிதி ஏற்றுக்கொள்கிறது. சென்னைப் பாரிமுனையில் வெட்டி வாங்கிய ரப்பர் முத்திரையை அதில் ஓங்கிக் குத்துவார். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று அந்த முத்திரையை மதித்து நம்மவர்களைச் சேர்த்துக்கொண்டது. நாலு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

ஆனால் நம்மவர்களுக்கு ஒரு குணம் உண்டு. தாங்கள் செய்யும் நல்ல காரியத்தைக்கூட, அதன் மேல் சர்க்கார் முத்திரை விழுந்தால்தான் தாங்களே நம்புவார்கள். செயலாளர் சேதுராமனுக்கு அந்தக் குணம் கொஞ்சம் கூடுதல். யாரும் கேட்காமல், யாரும் புகார் சொல்லாமல், எழுபத்திரண்டின் தொடக்கத்தில் தானாகவே டுசல்டோர்ஃப் காப்பீட்டு மேற்பார்வை அலுவலகத்துக்கு எழுதினார்: நாங்கள் இப்படி ஒரு நிதி நடத்துகிறோம், இதற்குத் தங்கள் அங்கீகாரம் கிடைத்தால் பெருமைப்படுவோம். பதில் வந்தது. நீங்கள் நடத்துவது மருத்துவமனைக் காப்பீடு. அதற்கு உரிமம் வேண்டும். லாபம் இல்லாமல் நடத்தினாலும் வேண்டும். உரிமம் கிடைக்கும் வரை புதிதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

கெல்சென்கிர்ச்சனிலிருந்து கூட்டங்களுக்கு வரும் நடேசன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை, நிதியை நடத்தும் தமிழ்ச் சங்கத்திலேயே வயதில் மூத்தவர்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி எண்டு சொல்லுவினம். நீங்கள் தபால் முத்திரைக் காசும் குடுத்து ஊதியிருக்கிறியள், தம்பி."

அன்றிலிருந்து இந்த ரயில்தான். அலுவலகத்தில் ஹெர் க்ரோகர் என்ற அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. பேனாக் கத்தியால் ஆப்பிளை நறுக்கி, ஒரு துண்டை எப்போதும் சேதுராமன் பக்கம் தள்ளுவார். முடியாது என்று சொல்பவர் ஆப்பிளும் கொடுத்துச் சொன்னால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அவர் கேட்டவையெல்லாம் நியாயமாகவே இருந்தன, அதுதான் கொடுமை. வங்கியில் தொடாமல் கிடக்க ஒரு மூலதனம், காப்பீட்டுத் தொழிலில் அனுபவமுள்ள நிர்வாகிகள், அவர்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்று, எத்தனை பேருக்கு என்ன நோய் வரலாம் என்று ஒரு கணித நிபுணரின் மதிப்பீடு. பான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்த சந்திரமௌலி உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தான். க்ரோகர் அதைப் புரட்டிவிட்டு, கணக்கு சரி, ஆட்கள் போதாது, பல ஆயிரம் பேர் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும் என்றார்.

"நோயாளியா படுக்கறதுக்குக்கூட மெஜாரிட்டி வேணுமாம் சார்" என்றான் சந்திரமௌலி. அதோடு அவன் ஒதுங்கிக்கொண்டான்.

ஒதுங்க முடியாமல் மாட்டிக்கொண்டவர் சேதுராமன். அந்த வருஷக் குளிர்காலத்தில் வாசுதேவன் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தான். வேதியியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவன், கிரிஜா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து அழைத்து வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குக் கழுத்தில் கட்டி. ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

"ஒரு லெட்டர் போதும் சார். பணத்தைக்கூட நான் மெதுவா கட்டிடறேன். லெட்டரைக் காட்டினாத்தான் அட்மிட் பண்ணுவாங்க."

"பர்மிஷன் வர்ற வரைக்கும் கொடுக்கக் கூடாதுன்னு எழுத்துலயே அனுப்பியிருக்காங்க, வாசு. மீறினா எல்லாரோட விசாவுக்கும் வம்பு."

வாசுதேவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கிரிஜா மதுரைக்கு விமானம் ஏறினாள். அங்கே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அவள் திரும்பி வரவில்லை. ஓர் ஆபரேஷனுக்குக்கூட வழியில்லாத ஊருக்கு என் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவளும் மறுத்துப் பேசவில்லை. வாசுதேவன் பட்டம் வாங்கி ஒரு ரசாயன ஆலையில் வேலைக்குச் சேர்ந்து தனியாக இருந்தான். கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டான். சந்தா மட்டும் மாதாமாதம் வங்கி மூலம் தவறாமல் வந்தது. அவன் வந்து நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூட சேதுராமனுக்கு ஆறியிருக்கும். அந்தச் சந்தாதான் அவரைச் சுட்டது.

இந்தக் கதையெல்லாம் நெஞ்சில் இருக்கத்தான் அன்றைக்கும் ரயிலேறினார். எழுபத்துமூன்று இலையுதிர் காலம். க்ரோகர் தாள்களைத் திறக்கவில்லை. அவருக்கும் அலுத்திருக்க வேண்டும்.

"ஹெர் சேதுராமன், உங்களுக்கு நான் உரிமம் தரப்போவதில்லை. தர முடியாது. ஆனால் ஒன்று செய்யுங்கள். ஒன்பதாம் விதியில், உறுப்பினருக்குச் செலவைப் பெற உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, யாரும் உரிமை கோர முடியாது, நிதி விரும்பினால் உதவும் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் அது காப்பீடு ஆகாது. பிறகு நீங்கள் என்னைப் பார்க்க வரவே வேண்டாம்."

சேதுராமன் ஆப்பிள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இதைச் சென்ற வருஷமே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் உரிமம் எப்படிப் பெறுவது என்று கேட்டீர்கள். உரிமம் இல்லாமல் எப்படி இருப்பது என்று கேட்கவில்லை" என்றார் க்ரோகர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

மாதா கோயில் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் போட்டார்கள். தரை மெழுகு நெடி மூக்கைத் துளைத்தது. புதிய விதியைச் சேதுராமன் தமிழில் படித்ததும் சலசலப்பு. முதலில் எழுந்தவர் நடேசன்.

"உரிமை இல்லாட்டில் அது பிச்சைதானே, தம்பி? நாளைக்கு நான் படுத்தால் உங்கட வாசலிலை வந்து நிக்கோணுமோ?"

"பிச்சை இல்லை அண்ணே. மொய் மாதிரி. கல்யாணத்துல மொய் எழுதறோம். எனக்கு எழுதியே ஆகணும்னு யாராவது கேஸ் போட முடியுமா? முடியாது. ஆனா எழுதாம யாராவது இருக்கோமா?"

அந்தப் பதில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சேதுராமனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. நடேசன் மட்டும் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தை சொன்னார்.

"சரி, மொய் எண்டே வைப்பம். ஆனால் கூப்பிடாத வீட்டுக்கு ஒருத்தரும் மொய் குடுக்கப் போறேல்லை. அதையும் யோசியுங்கோ."

யாரும் அதை யோசிக்கவில்லை. விதி நிறைவேறியது. அதன் கீழ் முதலில் படுக்கப்போவது யார் என்று அப்போது தெரிந்திருந்தால், சேதுராமன் அவ்வளவு அழகாகப் பேசியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

டிசம்பர் பிறந்ததும் அவர் மனைவி வத்சலாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. முன்பும் வந்து போனதுதான். பித்தப்பையில் கல் என்று தெரிந்ததால்தான் தனியார் காப்பீட்டுக் கம்பெனி அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த முறை வலி போகவில்லை. ஒரு காலையில் அவள் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது கண் மஞ்சளாக இருப்பதை அவர் பார்த்தார். கல் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, ஒரு வாரம் தாண்டக் கூடாது என்றார் டாக்டர்.

சேதுராமன் அதே கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரிக்குப் போய், புதிய விதிப்படி எழுதிய மாதிரிக் கடிதத்தைக் காட்டினார். கணக்குப் பிரிவில் இருந்த சிஸ்டர் அடெல்ஹெய்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"இதில் கொடுக்க மாட்டீர்கள் என்றல்லவா எழுதியிருக்கிறது?"

"கொடுக்க மாட்டோம் என்று இல்லை, சிஸ்டர். கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை."

"என் மேசைக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய கடிதம் நன்றாக இருந்ததே, அதற்கு என்ன ஆயிற்று?"

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். சிஸ்டரே ஒரு வழி சொன்னார். நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவர் சம்பளச் சீட்டோடு வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையே சேர்த்துக்கொள்ளலாம். நிதி உதவினாலும் உதவாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

சங்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். நிரந்தரச் சம்பளம் வாங்குபவர்கள் இரண்டே பேர், ஒருவர் நடேசன், இன்னொருவன் வாசுதேவன். எண்ணெய்த் தட்டுப்பாட்டில் நடேசனின் தொழிற்சாலை பாதி நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. சேதுராமன் ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"கமிட்டியைக் கூப்பிடுங்க" என்றாள் வத்சலா.

"யார் கூப்பிடறது? செயலாளர்தான் கூப்பிடணும். செயலாளர் நான். என் பெண்டாட்டிக்குப் பணம் கொடுங்கன்னு நானே போய் நிக்கறதா? யாருக்கும் உரிமை இல்லைன்னு எழுதின மை இன்னும் காயலை."

"உரிமை இல்லைன்னுதானே எழுதினீங்க? கேக்கக் கூடாதுன்னா எழுதினீங்க?"

"கிரிஜாவுக்கு மாட்டேன்னவன், வத்சலா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

வலி பொறுக்காமல் அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். விஷயம் சங்கத்தில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் ஒருவரும் வரவில்லை. செயலாளர் சொல்லாதபோது நாம் எப்படி முந்திக்கொள்வது, அவருக்கு வேறு ஏற்பாடு இருக்கும், நாம் தலையிட்டால் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்வார் என்று அவரவர் வீட்டில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். இவர் கேட்க வெட்கப்பட்டார், அவர்கள் கொடுக்கக் கூச்சப்பட்டார்கள், நடுவில் வத்சலாவின் கண் மஞ்சளாகிக்கொண்டே போயிற்று. படித்தவர்கள் நாற்பது பேர் சேர்ந்தால் ஒரு நோயாளியை இப்படித்தான் அழகாகக் கொல்ல முடியும்.

மறுநாள் சேதுராமன் ஆராய்ச்சிக்கூடம் போன பிறகு வத்சலா சில்லறையைத் திரட்டிக்கொண்டு தெருமுனை டெலிபோன் கூண்டுக்கு நடந்தாள். கண்ணாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லோரிடமும் ஒன்றைச் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் விசேஷம், சாப்பிட வர வேண்டும்.

எண்ணெய்த் தட்டுப்பாட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை. ரயில் நிலையத்திலிருந்து எல்லோரும் கோட்டும் குல்லாவுமாக நடு ரோட்டில் கூட்டமாக நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு மேளம் ஒன்றுதான் குறை. வத்சலா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சந்திரமௌலியும் இன்னும் இரண்டு பேரும் அவள் சொல்லச் சொல்லப் புளியோதரை கிளறினார்கள், சாம்பாரைத் தீய்த்தார்கள். நிற்கக்கூட இடமில்லாத அந்த வீட்டில் எல்லோரும் தட்டைக் கையில் வாங்கியதும் அவள் சொன்னாள்.

"என்ன விசேஷம்னு கேக்கலையே யாரும். எனக்குப் பித்தப்பையில கல் எடுக்கறாங்க. காதுகுத்துன்னு நினைச்சுக்கோங்க. இவர் கேக்க மாட்டார். அதனால நான் கூப்பிட்டேன்."

சேதுராமன் தலையைத் தூக்கவில்லை. கையில் இருந்த சோறு அப்படியே இருந்தது. நடேசன்தான் முதலில் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டுக்குள் வைத்திருந்த ஓர் உறையை மேசைமேல் இருந்த எவர்சில்வர் தட்டில் போட்டார்.

"ஓம், இப்பிடிக் கூப்பிட்டால் வாறம்தானே. இதுக்குப் போய் இவ்வளவு நாளோ, தங்கச்சி?"

தட்டு நிறைந்தது. சமையலறையிலேயே கமிட்டி கூடி, மிச்சச் செலவை நிதியே ஏற்கும் என்று தீர்மானித்தது. அழுதுவிடக் கூடாது என்று சேதுராமன் பாத்திரம் கழுவப் போனார். ஆனால் சிஸ்டர் கேட்டது உறைகளை அல்ல, ஜாமீனை.

"நான் போடுவன். வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றார் நடேசன். "ஆனால் பாதிச் சம்பளச் சீட்டைப் பாத்தால் ஏலாது எண்டு திருப்பிப்போடுவினம். வாசுவைக் கேட்டியளோ?"

வாசுதேவன் வரவில்லை. எல்லோரும் போகும் வரை சேதுராமன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவனையும் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். அவன்கிட்ட மட்டும் எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள், என்ன வேணும்னு எல்லாம் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. கேட்டுட்டு வச்சுட்டான்."

அவ்வளவுதான் என்று சேதுராமனுக்குப் பட்டது. வாசுதேவன்மேல் அவருக்குத் துளிக் கோபமும் வரவில்லை. அவன் இடத்தில் தான் இருந்தாலும் வந்திருக்க மாட்டோம் என்றுதான் நினைத்தார்.

திங்கட்கிழமை காலை, நடேசன் கொடுத்தனுப்பிய பாதிச் சம்பளச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வத்சலாவைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சிஸ்டரின் காலில் விழுவது என்றுகூட ஒரு யோசனை இருந்தது. கணக்குப் பிரிவுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் வாசுதேவன் உட்கார்ந்திருந்தான். ஆலைக்குப் போகும் சாம்பல் நிறக் கோட்டு, முழங்காலில் தொப்பி. இளைத்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து வத்சலாவின் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"நேத்து ஏன் வரலை வாசு?" என்றாள் அவள்.

"சாப்பிட மனசு வரலை அக்கா."

உள்ளே சிஸ்டர் அடெல்ஹெய்ட் அவனுடைய சம்பளச் சீட்டைப் பார்த்துத் தலையசைத்து, ஒரு தாளை மேசைமேல் திருப்பி வைத்தார். நோயாளியின் செலவு முழுவதையும் கீழே கையெழுத்திடுபவர் ஏற்கிறார் என்று அதில் இருந்தது. பாரிமுனை முத்திரை குத்திய பழைய கடிதத்தில் இருந்த அதே வாசகம். வாசுதேவன் அதைக் கடைசி வரி வரை படித்தான். பேனாவைத் திறந்தான். எழுதாமல் திரும்பிச் சேதுராமனைப் பார்த்தான்.

"அன்னிக்கு நீங்க லெட்டர் கொடுக்கலை சார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை. போகும்னும் தோணலை."

சேதுராமன் தலையசைத்தார். சொல்வதற்கு என்ன இருந்தது, சட்டம் அப்படி இருந்தது என்றா? இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை வாயிலேயே தேய்ந்துபோயிருந்தது.

"எங்க சைன் பண்ணணும்?" என்றான் வாசுதேவன்.

சேதுராமன் விரலால் இடத்தைக் காட்டினார். வாசுதேவன் அந்த விரலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான்.